பொட்டு வைத்த பெட்டி

எங்கள் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு சிகிச்சையைக் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வார்கள். கொல்லிமலையிலிருந்து இறங்கி வருகிறவர்களும், கெங்கவல்லியிலிருந்து பஸ் மாறி வருகிறவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஆரம்பத்தில் நான் திருத்திக்கொண்டிருந்தேன். என் மனைவிக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்து, அவளும் அதே வரிசையில் போய் உட்கார ஆரம்பித்த பிறகு எனக்கும் கரண்ட் என்றே வந்துவிட்டது. புற்றுநோய் என்ற அந்த இன்னொரு சொல்லை வாயால் சொல்லாமல் தப்பிக்க அது வசதியாக இருந்தது.

நான் டாக்டர் இல்லை. கம்ப்யூட்டர் பார்க்கிறவன். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகிற வழியில், விவசாயக் குடும்பங்கள் சில ஒன்றுசேர்ந்து அறக்கட்டளை வைத்து நடத்துகிற ஆஸ்பத்திரி அது. என் அறை வாசலில் ‘தகவல் பாதுகாப்பு அலுவலர்’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். பலகை என்னவோ பெரிதுதான். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், காத்திருப்போர் கூடத்தில் டிவி தெரியவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறை லிஃப்ட் நின்றதற்கும் கூப்பிட்டார்கள்.

சென்னையில் நடக்கும் கருத்தரங்குகளுக்கு என்னை அனுப்புவதுண்டு. குளிரூட்டிய மண்டபத்தில், நாட்டின் எல்லை இனிமேல் மலையிலும் கடலிலும் இல்லை, ஒவ்வொரு அலுவலக மேஜையிலும் இருக்கிறது என்று பேசுவார்கள். கேட்க நன்றாக இருக்கும். எல்லைக் காவலன் நான் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு சேலம் பஸ்ஸைப் பிடிப்பேன். மறுநாள் வந்து பார்த்தால் என் எல்லையில் பில் போடுகிற பெண் கடவுச்சொல்லை ஒரு சீட்டில் எழுதி மானிட்டரின் நெற்றியில் ஒட்டி வைத்திருப்பாள். ஆஸ்பத்திரி முழுக்கக் குலசாமி பெயர்தான் கடவுச்சொல். மாற்றச் சொன்னால், “சாமி பேர அழிக்கச் சொல்றீங்களா சார்?” என்று கேட்பார்கள். நான் சேலம் டவுன் கத்தோலிக்கக் குடும்பத்துக்காரன். அவர்கள் சொல்வழக்கில் வேதக்காரன். ஒரு வேதக்காரன் அவர்கள் சாமி பெயரை அழி என்று சொன்னால் அது வேறு மாதிரி ஆகிவிடும். சாமி பெயருக்குப் பின்னால் நாலு எண்ணையாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிவிட்டு வருவேன்.

டில்லியில் இருக்கிற அரசின் சைபர் பாதுகாப்புப் பிரிவிலிருந்து எச்சரிக்கை மடல்கள் வரும். இந்த ஓட்டையை அடையுங்கள், அந்தக் கதவைப் பூட்டுங்கள் என்று வரும். தொடர் விடுமுறை நாட்களில் தாக்குதல் அதிகம், ஆட்களைக் காவலுக்கு வையுங்கள் என்றும் வரும். நான் அதையெல்லாம் அச்செடுத்து நிர்வாகத்துக்குக் கொடுப்பேன். அவர்கள் கோப்பில் வைப்பார்கள். ஆட்களைக் காவலுக்கு வை என்றால் எந்த ஆளை வைப்பது? இருந்த ஆள் நான் ஒருவன்தான்.

எனக்கு நம்பிக்கையாக இருந்த ஒரே விஷயம் ஒரு பெட்டி. சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களில் உள்ள எல்லாவற்றுக்கும் அதில் ஒரு நகல் இருக்கும். கம்ப்யூட்டர்களோடு சேர்ந்து ஒரே கட்டடத்தில் அது இருக்கக் கூடாது. ஒயரால் எதனோடும் இணைந்திருக்கவும் கூடாது. உள்ளே புகுந்தவன் இணைந்திருக்கிற எல்லாவற்றையும் பூட்டிவிடுவான். தனியாகக் கிடப்பதை மட்டும் அவனால் தொட முடியாது. இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்து நான் கற்றுக்கொண்டதை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

பெட்டியை எங்கே வைப்பது என்று வந்தபோது அறக்கட்டளைத் தலைவர் தன் வீட்டு இரும்புப் பீரோவில் வைத்துக்கொள்கிறேன் என்றார். அவர் ரிக் வண்டி வைத்துத் தொழில் செய்தவர். ஆழ்துளைக் கிணறு போட வடநாடு முழுக்கச் சுற்றி வந்தவர். பிறகு வண்டிகளை மகன்களிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரியே கதி என்று ஆகிவிட்டார். அவர் மனைவி புற்றுநோயில் இறந்த பிறகு வந்ததுதான் இந்த ஆஸ்பத்திரியின் கரண்ட் மெஷின். சனிக்கிழமை சனிக்கிழமை அவரே பெட்டியை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துவருவார். நான் புது நகலை ஏற்றுவேன். முடிகிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்து, அவரே கையோடு எடுத்துப் போவார்.

முதல் தடவை அவரிடம் பெட்டியைக் கொடுத்தபோது நான் சொன்னது நினைவிருக்கிறது.

“ஐயா, இது வெறும் பெட்டி இல்லைங்க. கரண்ட் வைக்கிற அத்தன பேர் உசுரும் இதுக்குள்ளதான் இருக்கு. வேற யார் கையும் இது மேல படக் கூடாது.”

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “என்ற கையத் தவுத்து ஆரு கையும் படாதுங்க சார்,” என்றார்.

அதற்கு அடுத்த வருஷம்தான் என் மனைவிக்கு நோய் கண்டது. சேலத்தில் அவள் வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். தப்புப் போட்ட பிள்ளையைத் திட்டினால் தெருக்கோடியில் நிற்கிறவனும் வாய்ப்பாட்டை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வான், அப்படி ஒரு குரல். அந்தக் குரல் கம்மியபோது சளி என்று நினைத்தோம். பிறகு சளி இல்லை என்று ஆயிற்று. டியூஷனை நிறுத்திவிட்டு நாமக்கல்லில் ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக வாடகைக்கு வீடு பிடித்தோம். கரண்ட் வைத்தாலே போதும், குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் இடையில் நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். இடைவெளி விட்டால் கட்டி அதைப் பயன்படுத்திக்கொள்ளும் என்றார்.

தொண்டைக்குக் கரண்ட் வைக்கிறவர்களுக்கு ஒரு முகமூடி செய்வார்கள். வெந்நீரில் இளகிய வலைத்தகட்டை முகத்தின்மேல் போட்டு அழுத்தினால் அது அப்படியே முகமாக இறுகிவிடும். தினமும் அதை மாட்டி மேஜையோடு சேர்த்துப் பூட்டித்தான் மெஷினுக்குள் அனுப்புவார்கள். தலை இம்மியும் அசையாமல் இருப்பதற்காக. முதல் நாள் அவள் பயந்துவிட்டாள். பிறகு என்னிடம், “ஜெபமாலைல ஒரு பத்து மணி உருட்டுறதுக்குள்ள முடிஞ்சிருதுங்க, மனசுக்குள்ளதான் உருட்டணும்,” என்றாள். தலைவருக்கு விஷயம் தெரிந்ததிலிருந்து அவர் வீட்டிலிருந்து இளநீர் வந்துகொண்டே இருந்தது. அவளை அம்மிணி என்று கூப்பிடுவார். இவள் அவரை அண்ணா என்பாள். அந்தச் சனிக்கிழமைகளில் பெட்டியைப் பைக்குள் வைக்கும்போது, “நம்ம அம்மிணியும் இதுக்குள்ளாரதான இருக்குது,” என்பார். ஆமாங்க ஐயா என்பேன்.

பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது என்று டாக்டரம்மா சொன்ன வாரத்தில் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். லாரியும் ரிக்கும் சோறு போடுகிற ஊர். ஸ்பேனரிலிருந்து லாரிவரை கழுவிப் பொட்டு வைத்து மாலை போடுவார்கள். பூஜை முடிந்ததும் வண்டியை ஸ்டார்ட் செய்து எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி ஒரு சுற்று ஓட்டி வந்து நிறுத்துவார்கள். அதோடு மறுநாள் மறுபூஜை வரைக்கும் யாரும் எதையும் தொட மாட்டார்கள். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். அவசரப் பிரிவு மட்டும் நடக்கும். கரண்ட் மெஷின் அறை வாசலில் வாழைக்கன்று கட்டுவார்கள். கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் உண்டு. நான் ஒவ்வொரு வருஷமும் வாசலோரமாக நின்று, “சார் வேதக்காரர்தான், பொரிக்கு ஏதுங்க வேதம்,” என்று தலைவர் கொடுக்கிற பொரியை வாங்கிக்கொண்டு வருவேன். அந்த வருஷம் போகவில்லை. மனைவிக்கு வாயெல்லாம் புண். கஞ்சி இறங்க மறுத்தது. நான் வீட்டில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

மதியம் தலைவர் போன் செய்தார். குரலில் பூஜை முடித்த சந்தோஷம்.

“பூசை ஜோரா முடிஞ்சுதுங்க சார். உங்க பெட்டிக்கும் பொட்டு வெச்சு ஓட உட்டாச்சுங்க.”

“எந்தப் பெட்டிங்க ஐயா?”

“நம்ம ஊட்டுப் பீரோல இருக்குமே, அதானுங்க. எல்லா ஆயுதத்துக்கும் பூசை போட்டு, அம்புட்டுப் பேரு உசுரு இருக்கற பெட்டிய மட்டும் பீரோக்குள்ள அடச்சு வெச்சா நல்லாருக்குமுங்களா? அதான் எடுத்தாந்தேன். ஓடாத வண்டிக்குப் பூசை போட்டு என்ன பிரயோசனமுங்க. உங்க ரூம்பு பெரிய கம்ப்யூட்டர்ல சொருகி ஒரு சுத்து ஓட உட்டிருக்கறேன். ஆருகிட்டயும் குடுக்கலீங்க சார், நானே என்ற கையால சொருகினேன்.”

அப்போதுகூட நான் பதறவில்லை. விடுமுறை நாள், உள்ளே யாரும் புகுந்திருக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது என்று என்னையே தேற்றிக்கொண்டேன். பெட்டியில் லைட் எரிகிறதா என்று கேட்டேன்.

“ஒரே முட்டா மின்னிக்கிட்டே இருக்குதுங்க. நல்லா ஓடுதுங்க சார்.”

யாரும் வேலை செய்யாத நாளில், யாரும் எதையும் தொடாத கம்ப்யூட்டரில் சொருகிய பெட்டி அப்படி விடாமல் மின்னக் கூடாது. உடனே பிடுங்குங்கள் என்று சொன்னேன். அவர் தயங்கினார். பூசை போட்டதை மறுபூசைக்கு முன்னால் எடுக்கக் கூடாதுங்களே என்றார். நான் கத்தினேன். அவரிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. மனைவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவர் அமைதியாக, “நீங்களே வந்து எடுத்துருங்க சார், நம்ம கையால வேண்டாம்,” என்றார்.

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் உடைத்த பூசணிக்காய். என் அறையில் ஊதுவத்தி எரிந்து முடிந்திருந்தது. மானிட்டரின் நெற்றியில் மூன்று விரலால் இழுத்த சந்தனம், நடுவில் குங்குமம். அதற்குக் கீழே கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் நாலு வரி. உங்கள் கோப்புகளெல்லாம் பூட்டப்பட்டுவிட்டன, சாவி வேண்டுமென்றால் எங்களோடு பேசுங்கள் என்று மரியாதையான ஆங்கிலம். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. பெட்டியைப் பிடுங்கினேன். அது கையில் சூடாக இருந்தது. என்னிடம் இருந்த லேப்டாப்பில், எந்த ஒயரோடும் சேராமல், அதைத் திறந்து பார்த்தேன். எல்லாப் பெயர்களும் இருந்தன. ஒன்றும் திறக்கவில்லை.

கணக்குப் பிரிவில் யாரோ எப்போதோ திறந்த ஒரு மின்னஞ்சல் வழியாக உள்ளே வந்து, வாரக்கணக்கில் படுத்திருந்து, நீண்ட விடுமுறைக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய?

டில்லிக்குத் தகவல் கொடுத்தேன். பதில் சீக்கிரமே வந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். பாதித்த கம்ப்யூட்டர்களைத் தனிமைப்படுத்துங்கள், தடயங்களை அழிக்காதீர்கள், கப்பம் கட்டாதீர்கள், இணையாத காப்பு நகலிலிருந்து மீட்டெடுங்கள். அந்தக் கடைசி வரியை நானே எத்தனையோ வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சைபர் கிரைம் போலீஸில் ஒரு இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எந்த நாட்டுக்காரனா இருக்கும் என்றார். தெரியாது என்றேன். அவரும் பேனாவை மூடிவிட்டு, “இங்க இருக்கிறவனா இருந்தா ராவோட ராவா தூக்கிருவோம் சார்,” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் என்னைப் போல ஒரு பலகைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவர்தான்.

மறுநாள் காலையில் மறுபூஜை முடிந்ததும் கரண்ட் வைக்க ஆட்கள் வந்தார்கள். ஜேடர்பாளையத்திலிருந்து ஒரு பெரியவர், தொண்டையில் ஓட்டை போட்டவர், எப்போதும் முதல் ஆளாக வருவார், அன்றும் வந்தார். மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை, பளபளவென்று மாலையோடு நின்றது. யாருக்கு எத்தனை முறை வைத்தோம் என்பது காகிதத்திலும் இருந்தது. எந்தக் கோணத்தில், எந்த அளவில், எவ்வளவு என்பதுதான் போய்விட்டது. ஒவ்வொருவருக்கும் நாள்கணக்கில் உட்கார்ந்து போட்ட திட்டம் அது, கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கும். முகமூடிகள் அலமாரியில் வரிசையாக இருந்தன. மூக்கையும் தாடையையும் பார்த்தே இது இன்னார் முகம் என்று சொல்லிவிடலாம். என் மனைவியுடையது இரண்டாவது தட்டில் இருந்தது.

மெஷின் கம்பெனி ஆட்கள் சென்னையிலிருந்து வந்தார்கள். எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக நிறுவ வேண்டும், சரிபார்க்க வேண்டும், அதற்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் மறுபடி ஸ்கேன், மறுபடி திட்டம். வாரக்கணக்காகும் என்றார்கள். டாக்டரம்மா எல்லா ஊருக்கும் போன் போட்டார். எங்கேயும் வரிசை. சேர்த்துக்கொள்கிறோம், காத்திருக்கச் சொல்லுங்கள் என்றார்கள். கட்டிக்குக் காத்திருக்கத் தெரியாது.

அறக்கட்டளைக்காரர்கள் கூடினார்கள். கப்பம் கட்டுவதா வேண்டாமா என்று பேச்சு. அவர்களில் பாதிப்பேர் லாரி வைத்திருந்தவர்கள். வடக்கே எங்கேயோ வண்டியை மடக்கி டிரைவரைப் பிடித்து வைத்துக்கொண்டு போன் செய்கிறவனை அவர்களுக்குத் தெரியும். “மொதல்ல வண்டிய மீட்டுக்கோணுமுங்க, நாயம் பேசறதெல்லாம் அப்பறம்,” என்றார் ஒருவர். இன்னொருவர், கட்ட வேண்டாம் என்று டில்லியில் சொல்கிறார்களே என்றார். எல்லாரும் பேசி முடித்த பிறகு தலைவர் என் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்க சார். நீங்க சொல்றதுதான்.”

கட்டுகிறவன் இருக்கிற வரைக்கும் கேட்கிறவன் இருப்பான். நாம் கொடுப்பதை வைத்துத்தான் அடுத்த ஆஸ்பத்திரியை அடிப்பான். கட்டினாலும் சாவி வரும் என்று உத்தரவாதம் இல்லை. எல்லாம் எனக்குத் தெரியும். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் சரியாகத் தெரியும். கட்டிவிடுங்கள் என்று சொன்னேன். இன்றைக்கு இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன். நாட்டைக் காப்பாற்றுவது பற்றிப் பேச எனக்கு வேறு ஒரு மனைவி வேண்டும்.

கட்டினார்கள். சாவியும் வந்தது. சொன்ன நேரத்துக்கு, நன்றி என்ற சொல்லோடு வந்தது. நான் அதைப் போட்டுத் திறந்தேன். பில்கள் திறந்தன. வருகைப் பதிவு திறந்தது. கேன்டீனில் யார் எத்தனை தோசை சாப்பிட்டார்கள் என்பதுகூடத் திறந்தது. ஸ்கேன் படங்களும் கரண்ட் திட்டங்களும் பெரிய கோப்புகள். பூட்டும்போதே அவற்றை அரைகுறையாகக் கிழித்திருக்கிறார்கள். திறந்தன, உள்ளே குப்பையாக இருந்தது. அவர்களுக்கு எழுதினேன். வெட்கத்தை விட்டு, என் மனைவி என்று எழுதினேன். பதில் வரவில்லை. வேலை முடிந்ததும் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

கோயம்புத்தூரில் ஒரு இடத்தில் கடைசியாக முறை வந்தது. புது ஸ்கேன் எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவளை வெளியே உட்காரச் சொன்னார். அவள் எழுந்திருக்கவில்லை. நான் கணக்கு டீச்சர், விடை எதுவா இருந்தாலும் சொல்லுங்க என்று கிசுகிசுப்பாகச் சொன்னாள். இடைவெளியில் கட்டி திரும்ப வளர்ந்து கீழேயும் இறங்கிவிட்டது, இனிமேல் குணமாக்குவதற்காகக் கரண்ட் வைக்க முடியாது, வலிக்காக வைக்கலாம் என்றார். ஏற்கெனவே வைத்ததெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அதுவும் உடம்பில் இருக்கிறது, அதனால்தான் மறுபடி முழுதாக வைக்கவும் முடியாது என்றார்.

திரும்பி வரும்போது திருச்செங்கோட்டில் காரை நிறுத்தி அவளுக்கு ஆறின பால் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தாள்.

“அவங்கல்லாம் யாருங்க?” என்று கேட்டாள்.

“யாரு?”

“பூட்டுனவங்க.”

“தெரியாது. யாருக்கும் தெரியாது.”

“நம்ம மேல என்ன கோவம்?”

“கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. நாம இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது.”

அவள் டம்ளரை என்னிடம் நீட்டினாள். “மன்னிக்கணும்னு ஜெபம் பண்றேன். ஆனா ஒரு முகம் வேணும்லங்க. முகமே இல்லாம யாரன்னு மன்னிக்கிறது?” என்றாள். எனக்கு அழுகையாக வந்தது. காரில் ஏறி உட்கார்ந்து அழுதேன். பெட்டியைத் தலைவர் சொருகியதை அவளிடம் பூஜை அன்றைக்கே சொல்லியிருந்தேன். அந்த முகத்தை அவள் ஏற்கெனவே மன்னித்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும். நான் மன்னிக்கவில்லை. அவர் கொடுத்து அனுப்பும் இளநீரை வாசலிலேயே பக்கத்து வீட்டுக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தேன்.

தலைவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. இன்டர்நெட் லைன் வழியாக எவனோ வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டான் என்ற அளவில்தான் அவருக்குத் தெரியும். அது பொய்யும் இல்லை.

ஒரு ஞாயிறு காலை அவர் வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டேன். டீ கொடுத்தேன். அதைத் தொடாமலே என்னைக் கேட்டார்.

“ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கவே மாட்டீங்குதுங்க சார். அந்தப் பெட்டி என்ற ஊட்டுப் பீரோலதான இருந்துச்சு. பூசைக்கு மட்டும் எடுத்தாந்தேன். அதுக்குள்ளார எப்பிடிங்க பூந்தான்?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கையை உயர்த்தினாள். அப்போது அவளுக்குக் குரல் என்று ஒன்றும் இல்லை, காற்றுதான் வந்தது. அவர் குனிந்து காதைக் கொடுத்தார்.

“அது முன்னாடியே கெட்டுப் போயிருந்துச்சுங்க அண்ணா.”

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் சொல்லி நான் கேட்ட பொய் அது ஒன்றுதான். வாய்ப்பாட்டில் ஒரு எண் பிசகினாலே விடாதவள். அவர் நிமிர்ந்தார். முகம் இளகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அப்பிடீங்களா அம்மிணி. நாங்கூட என்னமோ ஏதோன்னு… பூசையன்னிக்குச் சார் அப்பிடிச் சத்தம் போட்டதுலருந்து தூக்கமே இல்லீங்க.” டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் குடித்தார். பிறகு என்னைப் பார்த்துத் தெம்பாகச் சொன்னார். “புதுப் பெட்டி வந்துருச்சுங்க சார். மெஷினும் அடுத்த வாரம் ஓடுமுங்க. ஜேடர்பாளையத்துக்காரருக்குத்தான் மொதல்ல வெக்கறதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்குது. இந்தப் பெட்டிய நான் உடறதா இல்லீங்க. மெஷின் ஓடற அன்னிக்குப் பொட்டு வெச்சு, நானே சொருகி ஒரு சுத்து ஓட உட்டுத்தான் பீரோல வெப்பேன். போன வாட்டி ஆரம்பத்துலயே பூசை போடாததுதானுங்க தப்பு.”

எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவள் தந்த பொய்யை நான் காப்பாற்றினால் இவர் மறுபடி சொருகுவார். சுத்தமாகத் துடைத்துவிட்டோம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்கிறார்கள், அது எவ்வளவு சுத்தம் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பெரியவரின் திட்டமும் அதே பெட்டிக்குள் போகும். நான் உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் இந்த வீட்டிலிருந்து எழுந்து போக மாட்டார். இருபது வருஷம் எல்லாருக்கும் எச்சரிக்கை சொல்லிச் சம்பளம் வாங்கியவன், என் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை.

அவள் என் விரலைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

“சொல்லிருங்க,” என்றாள்.

சொன்னேன். அவர் தொழில் பாஷையிலேயே சொன்னேன், புரியாமல் போய்விடக் கூடாது என்று. குழாய் உள்ளே விஷம் இறங்கியிருந்தது, தனியாக இருந்த தண்ணீர்த் தொட்டியை நீங்கள் கொண்டுவந்து அதே குழாயில் மாட்டிவிட்டீர்கள் என்று சொன்னேன். பூஜையில் தப்பில்லை, மாட்டியதுதான் என்று சொன்னேன். அவர் டம்ளரைத் தரையில் வைத்தார். வைத்த கையைப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்கவில்லை, கட்டிலுக்குக் கிட்டே நாற்காலியை இழுத்துக்கொண்டு அவளைக் கேட்டார்.

“நானுங்களா அம்மிணி?”

அவள் கண்ணை மூடிக்கொள்வாள் என்று நினைத்தேன். மூடவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபடியே ஆமாம் என்று தலையை அசைத்தாள்.